நகைச்சுவை என ஒதுக்கப்பட்டவை

எழில்முகி என்று பெயர் வைத்த அன்று அவளுடைய அப்பா குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்கவில்லை. மஸ்கட்டிலிருந்து போனிலேயே பெயரைச் சொல்லிவிட்டார். "நேர்ல வந்து பாத்துட்டு, 'பேர மாத்த முடியுமா'ன்னு கேட்டாராம். சான்றிதழ் வாங்கியாச்சு, இனிமே மாத்தணும்னா முகத்தத்தான் மாத்தணும்னு எங்கம்மா சொல்லிட்டாங்க." இந்த இடத்தில் எழில்முகி பேச்சை நிறுத்துவாள். பக்கவாட்டில் திரும்பித் தன் கீழ்த்தாடையைக் கூட்டத்துக்குக் காட்டுவாள். மேல்வரிசைப் பல்லைத் தாண்டி ஒரு விரற்கடை முன்னால் வந்து நிற்கும் தாடை அது. விருதுநகர் முதல் திண்டுக்கல் வரை எந்தப் பட்டிமன்ற மேடையானாலும் அங்கே கைதட்டல் நிச்சயம்.

அடுத்தவர் கேலி செய்தால் வலிக்கிறது, தன்னைத் தானே கேலி செய்துகொண்டால் கைதட்டுகிறார்கள். ஆறாம் வகுப்பில் ஒருத்தி "மண்வெட்டி" என்று கூப்பிட்ட அன்று எழில்முகி கண்டுபிடித்த விஞ்ஞானம் இது. அதற்குப் பிறகு தன் முகத்தைப் பற்றி, நிறத்தைப் பற்றி, நடையைப் பற்றி யாரையும் முதலில் பேச விட்டதில்லை. முந்திக்கொள்வாள். முப்பத்துமூன்று வயதுக்குள் அதையே தொழிலாகவும் ஆக்கிக்கொண்டாள். கொஞ்சம் கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை.

ஆனால் தாடைக்கு ஜோக் புரியவில்லை. முன்பல் சேராது. இட்லியைப் பிய்த்துக் கடைவாய்க்குள் தள்ள வேண்டும். கொய்யாப்பழத்தைக் கத்தியால் அரிந்துதான் தின்ன வேண்டும். இப்போது காதோரத்துத் தாடை மூட்டும் தேய ஆரம்பித்து, ஒரு மணி நேரம் பேசினால் மறுநாள் வாய் திறக்க மறுத்தது. இப்படியே விட்டால் நான்கைந்து வருடத்தில் மேடையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் மதுரை அரசு மருத்துவமனைத் தாடைப் பிரிவின் டாக்டர் தங்கப்பாண்டி. மேல்தாடையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, கீழ்த்தாடையைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, திருகாணி போட்டு முடுக்கிவிடலாமாம்.

"அதுக்கு முன்னாடி ஒத்திகை இருக்கும்மா," என்றார் டாக்டர். "உங்க ரத்தம், ஸ்கேன், பழைய சீட்டு, நீங்க போன்லயும் மேடையிலயும் பேசினது, எழுதினது, எல்லாத்தையும் வாங்கி மெஷினுக்குள்ள உங்கள மாதிரியே ஒரு உடம்பு உண்டாக்குவோம். அத நூறு தடவ ஆபரேஷன் பண்ணுவோம். தொண்ணூத்தெட்டு தடவையாவது எந்திரிச்சு உக்காந்தாத்தான் உங்க மேல கத்தி வைப்போம்."

"நூறு தடவ வெட்டியும் தாடை அடங்கலன்னா என்ன செய்வீங்க டாக்டர்?"

டாக்டர் சிரித்துக்கொண்டே சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஒரு நோயாளிக்கு அவருக்கு ஆறு நிமிடம். அதில் ஒரு நிமிடம் சிரிப்பில் போனது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒத்திகை நாளன்று தங்கை துளிர்மதியும் கூட வந்தாள். ஏழாம் மாத வயிற்றோடு அதிக தூரம் நடக்க முடியாமல் தரைத்தள கேன்டீனிலேயே உட்கார்ந்து, அக்காவின் பெயரைச் சொல்லித் தனக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக்கொண்டாள். எழில்முகி மட்டும் அதே தளத்தின் கோடியில் இருந்த ஒத்திகை அறைக்குப் போனாள்.

ஒத்திகை அலுவலர் பெயர் பெர்னதெத். ஐம்பத்தைந்து வயது, மூக்குக் கண்ணாடிக்குச் சங்கிலி, மேசையில் ஒரு ஃபிளாஸ்க். நிமிர்ந்து பார்த்ததும், "ஐயோ, நீங்களா! போன பொங்கலுக்கு உங்க பேச்சக் கேட்டு வயிறு புண்ணாயிருச்சும்மா," என்றாள். பிறகு திரையைப் பார்த்தாள். முகம் மாறியது.

"என்ன மேடம், பாஸா?"

"இருபத்தி மூணு தடவ செத்துட்டீங்க."

"பரவால்ல, எழுபத்தேழு மார்க்! நான் ஸ்கூல்ல வாங்கினதவிட ஜாஸ்தி."

பெர்னதெத் சிரிக்கவில்லை. "இருபத்தி மூணுலயும் ஒரே காரணம். ரத்தம் நிக்கல. தாடைய நகத்துன இடத்துல கசிஞ்சுக்கிட்டே இருந்து, சில தடவ மேசையிலயே, சில தடவ மறுநாள். உங்களுக்கு ஏற்கெனவே ஏதாச்சும் ரத்தக் கோளாறு இருக்கா?"

"இல்லையே."

"வீட்ல யாருக்காவது?"

"எங்க வீட்ல யாருக்கும் ஒரு வியாதியும் கிடையாது மேடம். கல்லு மாதிரி குடும்பம்." அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

பெர்னதெத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "மெஷினும் அதத்தான் சொல்லுது. நோய் வரலாறு: ஒன்றுமில்லை. காரணம் இல்லாத ஆபத்துன்னு எழுதி ஃபைல மூடச் சொல்லுது. மூடிட்டா மூடினதுதான். தமிழ்நாட்டுல எந்த ஆஸ்பத்திரியிலயும் உங்க தாடையத் தொட மாட்டாங்க."

எழில்முகிக்கு ஒரு ஜோக் வாய்வரை வந்து நின்றுவிட்டது. அவள் வாழ்க்கையில் இது அபூர்வம். கொய்யாப்பழத்தை முழுசாக ஒரு தடவை கடித்துப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவள் இந்த மருத்துவமனையிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் போச்சா?

"இருங்க," என்றாள் பெர்னதெத். "சல்லடைய ஒரு தடவ பாத்துருவோம்."

"என்ன சல்லடை?"

"சிரிப்புச் சல்லடைம்மா. ஆரம்பத்துல இந்த மெஷினுக்கு நம்ம ஆளுங்க பேசுறது புரியல. ஒருத்தர், பாவம், 'மாமியார் ஒரு மாசம் தங்க வர்றாங்களாம், மாரடைப்பே வந்துருச்சு'ன்னு நண்பருக்கு எழுதிட்டாரு. மெஷின் அவர இதய நோயாளின்னு எழுதி, குடலிறக்க ஆபரேஷன ஒரு வருஷம் தள்ளிப் போட்டுருச்சு. தலை வெடிக்குது, உயிரே போச்சு, செத்தேன்னு எழுதாத தமிழன் உண்டா? அதுக்குத்தான் ஒரு சல்லடை வச்சாங்க. விளையாட்டா சொன்னத எல்லாம் அது தனியா ஒதுக்கிரும். யாரும் திறந்து பாக்குறதில்ல. முன்னாடி டாக்டருங்க எதிர்ல உக்கார வச்சுக் கேப்பாங்க. இப்ப மெஷின் கேட்ருக்கும்னு விட்டுர்றாங்க."

திறந்தாள். திரையின் மேலே ஒரு தலைப்பு: நகைச்சுவை என ஒதுக்கப்பட்டவை. பக்கத்தில் எண்: 312.

"முந்நூத்தி பன்னெண்டா! இவ்வளவு பெரிய பட்டியல் நான் பாத்ததே இல்ல," என்றாள் பெர்னதெத். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள்.

"'எனக்கு மூக்குல ரத்தம் வந்தா கைக்குட்டை பத்தாது நடுவர் அவர்களே, பந்தல்காரர்கிட்ட ஜமுக்காளம் வாங்கித்தான் துடைக்கணும்.' சோழவந்தான் மேடை, கைதட்டல் ஒன்பது விநாடி." பெர்னதெத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழில்முகிக்கும் உற்சாகம் வந்தது. என்ன இருந்தாலும் அது நல்ல ஜோக்.

"அடுத்தது, தங்கச்சியும் தோழிகளும் இருக்கற குரூப். 'கடைவாய்ப் பல்லு பிடுங்கி ரெண்டு நாளா வாய் நிறைய ரத்தம். தாடை ஏற்கெனவே காட்டேரிக்கு ஏத்த மாதிரி இருக்கு, ரத்தம்தான் குறை, அதுவும் வந்தாச்சு. போட்டோ பாருங்க.' நாப்பத்தோரு பேர் சிரிச்சிருக்காங்க." பெர்னதெத்தும் சிரித்தாள், ஆனால் முன்பு சிரித்த அளவுக்கு இல்லை.

"'எங்கம்மா என் தங்கச்சியப் பெத்த பத்தாம் நாள் ஆறு பாட்டில் ரத்தம் ஏத்திக்கிட்டாங்க. எல்லா வீட்லயும் பிள்ளைதான் அம்மா ரத்தத்தக் குடிக்கும், எங்க வீட்ல அம்மா ஊர் ரத்தத்தையே குடிச்சிட்டாங்க.' அருப்புக்கோட்டை, பொருட்காட்சி." இப்போது பெர்னதெத் சிரிக்கவில்லை. கீழே நகர்த்திக்கொண்டே போனாள். "இது தங்கச்சிக்கு எழுதினது. 'இந்த மாசமும் பத்தாவது நாள். நாம ரெண்டு பேரும் சேந்தா ரத்த வங்கியே திறக்கலாம்டி.' அதுக்கு அவங்க பதில்: 'எனக்குப் பன்னெண்டு. நீ தோத்துட்ட, ட்ரீட் வை.'"

பெர்னதெத் திரையிலிருந்து கண்ணெடுத்து அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, இத்தன வருஷமா ஒருத்தர்கிட்டகூடக் காட்டலையா?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தான் மேடம். அம்மாவுக்கு, எனக்கு, அவளுக்கு. எல்லாருக்கும் இருந்தா அது வியாதியா? நாங்க அத, எப்படிச் சொல்ல, சுருட்டை முடி மாதிரி நினைச்சோம்."

முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். மைக் வைத்துச் சொல்லியிருக்கிறாள். ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. அப்படியும் ஒரு உயிருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றால், அது சாதாரணத் திறமையா என்ன?

பெர்னதெத் வழியைச் சொன்னாள். ஒதுக்கியதை அலுவலர் எடுத்து உள்ளே போட விதியில்லை. நோயாளியே மெஷின் முன்னால் தன் வாயால் சொல்ல வேண்டும். மெஷின் அதை நம்பினால் பச்சை விளக்கு எரியும், தனிப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பலாம். விளையாட்டு என்று நினைத்தால் மஞ்சள். ஐந்து தடவைதான் சொல்லலாம். ஐந்தும் மஞ்சளானால் ஃபைல் மூடிவிடும்.

"இவ்வளவுதானா? பேசுறதுதான மேடம் நம்ம தொழிலு," என்று எழில்முகி மைக்கை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கு ரத்தம் வந்தா நிக்காது. வாஷர் போன குழாய் மாதிரி ஒரே சொட்டு."

மஞ்சள்.

"அட, சும்மா ஒரு உவமை சொன்னேன். வணக்கம். எனக்கு ரத்தமும் நிக்காது, பேச்சும் நிக்காது."

மஞ்சள். பெர்னதெத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை அவள் வார்த்தைகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். ஒரு உவமை இல்லை, ஒரு அடுக்குமொழி இல்லை. "பல் பிடுங்கிய பிறகு இரண்டு நாள் எனக்கு ரத்தம் நிற்கவில்லை." வாசித்துவிட்டு நிமிர்ந்து விளக்கைப் பார்த்தாள்.

மஞ்சள்.

"இதுல என்ன தப்பு? இந்த மெஷினுக்கு என்னதான் வேணுமாம்?"

"வார்த்தையெல்லாம் சரிதான். சொல்லி முடிச்சதும் கைதட்டலுக்கு இடம் விட்டீங்க பாருங்க, அதான்."

எழில்முகிக்கு முகம் சிவந்துபோனது. நான்காவது தடவை அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தாள். திரையில் 'மிகை நடிப்பு' என்று ஒரு வரி கூடுதலாக வந்தது. பத்து வருட மேடை அனுபவத்தில் இவ்வளவு நேர்மையான விமர்சனம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. பெர்னதெத் எழுந்தாள். "எதிர்ல ஆள் இருந்தா உங்களால முடியாதும்மா. என்னையச் சிரிக்க வைக்கணும்னே உங்க வாய் ஓடுது. நான் வெளிய நிக்கிறேன். யாருக்கும் சொல்லாதீங்க. சும்மா சொல்லுங்க." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

எழில்முகி மைக்கைப் பார்த்தாள். கூட்டம் இல்லாத மைக்கை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"பல்லு பிடுங்கினப்ப வீட்ல யாரும் இல்ல," என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "பஞ்சு தீந்துருச்சு. துப்பட்டாவக் கிழிச்சு வாய்ல வச்சேன். அழுத்திக் கடிக்கணும்னு சொன்னாங்க. என்னால கடிக்க முடியல, என் பல்லுதான் சேராதே. பேசின்ல செவப்பாவே போய்க்கிட்டிருந்துச்சு. அப்பத்தான் அந்த போட்டோவ எடுத்துப் போட்டேன். யாராச்சும் ஒருத்தி 'என்னாச்சுடி'ன்னு கேப்பான்னு நினைச்சுத்தான் போட்டேன். நாப்பத்தோரு பேரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கிற மாதிரிதான எழுதியிருந்தேன், அவங்க மேல தப்பில்ல. அம்மாவுக்கு போன் பண்ணேன். அம்மா குரலக் கேட்டதும் அழுகை வந்துருச்சு. உடனே ஒரு ஜோக் சொல்லிட்டேன்." நிறுத்தினாள். "பயமா இருந்துச்சு. செத்துருவேன்னு நினைச்சேன். இப்பவும் பயமா இருக்கு."

அவள் விளக்கைப் பார்க்கவே மறந்துவிட்டாள். பெர்னதெத் கதவைத் திறந்து உள்ளே வந்து பார்த்தபோது அது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பரிசோதனை முடிவு மூன்று வாரத்தில் வந்தது. அன்றைக்கு அவள் தனியாகத்தான் மதுரைக்குப் போனாள். ரத்தத்தில் காயத்தை ஒட்டவைக்கும் பசை போன்ற ஒன்று அவளுக்குக் குறைவாம். சாதாரணப் பரிசோதனையில் பிடிபடாதாம். பிறப்பிலேயே, பரம்பரையாக வருவதாம். மருந்து இருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன்னும் பின்னும் கொடுத்தால் போதும். அந்த மருந்தோடு மறுபடி ஒத்திகை நடத்தினார்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை எழில்முகி எழுந்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சிக்கு உடனே சொல்லுங்க," என்றாள் பெர்னதெத். "சட்டப்படி நான் அவங்களக் கூப்பிடக்கூடாது, நீங்கதான் சொல்லணும்."

"அவளுக்குப் பிரசவ ஒத்திகை போன வாரமே முடிஞ்சிருச்சு மேடம். நூத்துக்கு நூறு."

"கர்ப்பத்துல அந்தப் பசை தானாக் கூடிரும்மா. மெஷின் ஏமாந்துரும். பிள்ளை பிறந்து பத்து நாள்ல மறுபடி இறங்கும். உங்கம்மாவுக்குப் பத்தாம் நாள்தான ஆறு பாட்டில் ஏத்துனாங்க?"

எழில்முகி அங்கிருந்தே நேராகக் கேன்டீனுக்குப் போய்த் தங்கைக்கு போன் போட்டாள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டாள்.

"அக்கா! என்ன சொன்னாங்க?"

அந்தக் குரலில் இருந்த பயம்தான் கெடுத்தது. "ஒண்ணுமில்லடி துளிரு, நமக்குப் பரம்பரைச் சொத்து ஒண்ணு இருக்காம்! நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு ரத்தத்துல பசை கம்மியாம். உனக்கும் பங்கு இருக்கும், வந்து வாங்கிக்கோங்கிறாங்க."

"பசை கம்மியா? அப்புறம் எதுக்கு என் வீட்டுக்காரரு இப்படி ஒட்டிக்கிட்டே திரியுறாரு?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக, "வந்து அந்த பெர்னதெத் மேடத்தப் பாத்துரு" என்றும் எழில்முகி சொன்னாள். சொல்லியாயிற்று என்று தன் மனசாட்சிக்கும் பதில் சொல்லிவிட்டு, ஒரு தட்டு பஜ்ஜி வாங்கிப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. ரத்தம் சமர்த்தாக நின்றது. டாக்டர் தங்கப்பாண்டியே வந்து இரண்டு நிமிடம் கூடுதலாக நின்று பார்த்துவிட்டுப் போனார். முகம் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சின்னச் சின்ன ரப்பர் வளையங்களால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சில வாரங்களுக்கு வாய் திறக்கக்கூடாது. சாப்பாடு ஊசியில்லாத சிரிஞ்சில், பேச்சு குழந்தைகள் எழுதி அழிக்கும் பலகையில்.

ஐந்தாம் நாள் மதியம் துளிர்மதி வந்தாள். ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டது, நடையே வாத்து நடையாகியிருந்தது. வடிகட்டிய கஞ்சியை மேசையில் வைத்தாள்.

"மாமியார் வீட்ல எல்லாரும் உன்னையக் கேட்டாங்கக்கா. எழிலு பேசாம இருக்கான்னதும் ஒருத்தரும் நம்பல. ரெக்கார்டு பண்ணி அனுப்பச் சொன்னாங்க."

எழில்முகியால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் ரப்பர் இழுத்தது. பலகையை எடுத்து எழுதினாள்: 'பெர்னதெத் மேடத்தைப் பார்த்தாயா?'

"யாரு? ஓ, அந்தப் பசை மேட்டரா! இவர்கிட்ட சொன்னேன், ஒரு வாரமா வீட்ல அதே சிரிப்புத்தான். வயித்துக்குள்ள இருக்கறது கூடச் சிரிச்சிருக்கும்."

எழில்முகி தங்கையையே பார்த்தாள். அதே ராகம், அதே ஏற்ற இறக்கம், கடைசியில் சிரிப்புக்கு விடும் அதே இடைவெளி. சின்ன வயதிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறாள். நல்லதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை, இதை மட்டும் ஒரு குறையில்லாமல் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

'அது ஜோக் இல்லை,' என்று எழுதினாள். 'அம்மாவுக்குப் பத்தாம் நாள். உனக்கும் வரும்.'

"என் ஒத்திகை நூத்துக்கு நூறுக்கா. ரத்தமெல்லாம் நம்ம சொத்துதான, வந்தா வரட்டும், ஊருக்கே..."

எழில்முகி கையை உயர்த்தினாள். துளிர்மதி பாதியில் நின்றாள். அக்காவின் முகத்தில் பதில் ஜோக் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. வர வழியும் இல்லை, வாய் கட்டியிருந்தது. எழில்முகி பலகையை அழித்துவிட்டு மெதுவாக எழுதினாள்: 'அந்தப் பல் பிடுங்கிய போட்டோ ஞாபகம் இருக்கா? அன்று செத்துவிடுவேன் என்று பயந்தேன். நீ எப்போதாவது பயந்தாயா? சிரிக்காமல் சொல்.'

துளிர்மதி வாசித்தாள். மறுபடி வாசித்தாள். "அந்த போட்டோவுக்கு முதல்ல சிரிச்சது நான்தான்க்கா," என்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உதட்டோரம் வழக்கமான சிரிப்பு வந்து, நிற்க இடமில்லாமல் போய்விட்டது. கண் நிறைந்துவிட்டது. அக்காவின் கையிலிருந்து எழுதுகோலை வாங்கினாள். நன்றாகப் பேச வரும் வாய் இருந்தும், அவளும் பலகையில்தான் எழுதினாள்.

'தினமும்.'

எழில்முகி கட்டிலிலிருந்து இறங்கினாள். பலகையை அழிக்காமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டாள், மறு கையால் தங்கையைப் பிடித்துக்கொண்டாள். பெர்னதெத் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவாள், இப்போது மூன்றரைதான். தரைத்தளத்துக்கு லிப்ட் வந்து சேரும்வரை இருவரில் ஒருவரும் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.